பஞ்சியாக் கிடக்கு

யாழ்ப்பாணத்து வீடுகளில் 'சோம்பல்' என்று ஒருவரும் சொல்வதில்லை. அது கட்டுரைக் கொப்பியில் எழுதுகின்ற சொல். வீட்டில் நாம் சொல்வது 'பஞ்சி'. இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். பொருளில் ஒன்றாக இருக்கலாம்; வழக்கில் பெரிய வேறுபாடு உண்டு. சோம்பேறி என்பது பிறர் நமக்குச் சூட்டும் பட்டம். பஞ்சியோ தடிமன் காய்ச்சலைப் போலத் தானாக வருவது. 'எனக்குப் பஞ்சியாக் கிடக்கு' என்பவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, நோயைத் தெரிவிக்கிறார். நோயாளியை யார் ஏசுவது?

வள்ளுவர் ஏசினார். திருக்குறளின் 61ஆம் அதிகாரம் மடியின்மை. மடி என்றால் சோம்பல். பொருட்பாலில் அரசியல் என்ற பகுதியில் அதை வைத்திருக்கிறார். 'அது அரசர்களுக்குச் சொன்னதப்பா, எங்களுக்கில்லை' என்று தப்பித்துக்கொள்வதற்கும் இதனால் ஒரு வசதி இருக்கிறது. அதிகாரத்தின் முதற்குறளில் குடியை விளக்காகவும் சோம்பலை அதை அணைக்கும் மாசாகவும் காட்டுகிறார். என் வயதினருக்கு இந்த உவமை உரையாசிரியர் இல்லாமலே விளங்கும். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின் நாங்கள் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறிய சொற்ப மண்ணெண்ணெய், மெல்லிய திரி. மாலையில் போத்தலின் கரியைத் துடைக்காவிட்டால் இரவில் எழுத்துத் தெரியாது. துடைப்பது அண்ணனா தம்பியா என்ற வழக்கு முடிவதற்குள் இருட்டிவிடும். வானொலி கேட்பதற்கும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து யாராவது மிதித்து டைனமோவைச் சுற்ற வேண்டும். நாடகத்தின் முக்கியமான கட்டத்தில் மிதிப்பவருக்குப் பஞ்சி வந்தால் கதாநாயகியின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். இன்று இந்தத் தொடரைப் படுத்திருந்தே கேட்கிறீர்கள். நல்லது, கேளுங்கள்.

ஆனால் உண்மையான சோம்பேறி படுத்திருப்பவனல்லன், மிகவும் சுறுசுறுப்பானவன். உயர்தரப் பரீட்சைக்கு நேரசூசி கீறும் மாணவனைப் பாருங்கள். அடிமட்டம் என்ன, நான்கு நிறப் பேனைகள் என்ன, விடியற்காலை நான்கு மணிக்கு எழும்புவதாக எழுதும் வீரம் என்ன! கீறி முடிக்க ஒரு நாள் போகும். அடுத்த நாள் அதைச் சுவரில் ஒட்டப் பசை தேட வேண்டும். அவர்களைச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்க நான் நிரப்பத் தொடங்கிய படிவங்கள் மூன்று அலுமாரியில் இருக்கின்றன. மூன்றிலும் பெயரும் முகவரியும் திருத்தமாக எழுதப்பட்டுள்ளன. சிங்களம் படிக்க வாங்கிய கொப்பியிலும் முதற்பக்கத்து எழுத்துக்கள் முத்துமுத்தானவை.

கொழும்புத்துறையில் இருப்பவனுக்கு இன்னொரு சாட்டும் கைவசம் உண்டு. யோகர் சுவாமிகள் வாழ்ந்த ஊரல்லவா? 'சும்மா இரு' என்று அவரே சொல்லியிருக்கிறாரே என்று, திண்ணையில் கால் நீட்டியபடி சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். சொன்னவர் எப்படி இருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். துறவுக்கு முன் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளிடம் ஏச்சும் பேச்சும் வாங்கிப் பழகியவர். கால்நடையாகக் கதிர்காமம் சென்றவர். 1935இல் 'சிவதொண்டன்' இதழைத் தொடங்குவித்தவர். 1964இல் மறையும்வரை குடாநாட்டின் ஒழுங்கைகளையெல்லாம் நடந்தே அளந்தவர். அவர் சொன்ன சும்மா, மனம் ஓய்ந்திருக்கும் சும்மா. நம்முடையதில் உடம்பு மட்டும் ஓயும். மனமோ அடுத்த வீட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மடியின்மை அதிகாரத்தில் எனக்குப் பயமூட்டும் குறள் ஒன்று உண்டு. காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், தூக்கம் ஆகிய நான்கும், கெடப் போகிறவர்கள் விரும்பி ஏறுகின்ற மரக்கலம் என்கிறார் வள்ளுவர். 'விரும்பி' என்பதைக் கவனியுங்கள். ஒருவரும் பிடித்துத் தள்ளவில்லை. நாமே ஏறி இடம்பிடித்து உட்காருகிறோம். காலம் நீட்டிப்பதற்கு அவர் இட்ட பெயர் நெடுநீர். கடலோரத்தில் பிறந்தவன் காதில் அது நீண்டு கிடக்கும் தண்ணீராகவே விழுகிறது. இலக்கணம் அதற்கு இடம் தராது, காது கேட்கிறதில்லை.

எங்கள் துறையில் ஒரு கடற்றொழிலாளி இருந்தார். எனக்கு அப்பு முறை. வள்ளத்தின் ஒவ்வொரு பலகைக்கும் பெயர் சொல்வார். களப்பில் நீரின் நிறத்துக்கு நிறம் ஒரு சொல் வைத்திருப்பார். அவற்றில் பாதியை நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை. "தம்பி, எழுதிறதெண்டால் வா. எனக்கென்ன வேலை, சும்மாதானே இருக்கிறன்" என்றார். ஒரு சனிக்கிழமை புதுக் கொப்பியோடு போனேன். அன்று காற்றுகளில் தொடங்கினோம். அடுத்த சனி ஒரு கலியாணம். அதற்கடுத்த சனி மழை. பிறகு விடைத்தாள் திருத்தம். பிறகு, உள்ளதைச் சொன்னால், பஞ்சி. வீதியில் கண்டால், "வாற கிழமை வாறன் அப்பு" என்பேன். "ஓமோம், ஆறுதலா வா" என்பார்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. அவருடைய செத்தவீட்டுக்கு நான் நேரத்தோடு போய்விட்டேன்.

கொப்பி இருக்கிறது. முதற்பக்கத்தில் வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று நான்கு காற்றுகள். அவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஐந்தாவதாக ஒன்று சொன்னார். எழுதப் பேனையில் மை இறங்கவில்லை. அடுத்தமுறை எழுதலாம் என்று இலக்கத்தை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.