பிரபலங்களின் மருத்துவப் பரிந்துரைகள்

ஒரு மருந்தோ மருத்துவ முறையோ பயன் தரும் என்று நடிகர், விளையாட்டு வீரர், அரசியல்வாதி போன்ற புகழ்பெற்ற ஒருவர் பொதுவெளியில் கூறுவது பிரபலப் பரிந்துரை ஆகும். பணம் பெற்று நடிக்கும் விளம்பரமும், சொந்த அனுபவமாகச் சமூக ஊடகத்தில் இடும் பதிவும் இதில் அடங்கும். ஓமியோபதி உள்ளிட்ட மாற்று மருத்துவங்களுக்கு இத்தகைய ஆதரவு அடிக்கடி கிடைக்கிறது. மருத்துவ அறிவியல் இவற்றைச் சான்றாக ஏற்பதில்லை.

ஏன் சான்றாகாது?

சளி, முதுகுவலி போன்ற பல நோய்கள் தாமாகவே தணியும். நோய் உச்சத்தில் இருக்கும்போது எதைச் சாப்பிட்டாலும், பின்னர் வரும் குணம் அதனால் வந்ததாகவே தோன்றும். கூடவே எடுத்துக்கொண்ட வேறு சிகிச்சையும் காரணமாக இருக்கலாம். குணமானவர் பேசுகிறார், குணமாகாதவரின் குரல் வெளியே கேட்பதில்லை. இதனால்தான் ஒரு குழுவுக்கு மருந்தும், இன்னொரு குழுவுக்கு மருந்தைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிடும் சோதனை தேவைப்படுகிறது.

ஓமியோபதியில் 30சி என்பது மூலப்பொருளை நூறில் ஒரு பங்காக 30 முறை நீர்த்தது. 12 முறை தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சுவது அரிது. ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஓமியோபதி பயன் தருவதாக நம்பகமான சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என்று அறிவித்தது.

தமிழ்நாட்டு நிகழ்வுகள்

2017 அக்டோபரில் டெங்கு பரவியபோது, ஆராய்ச்சி முடிவு வரும்வரை நிலவேம்புக் குடிநீரை விநியோகிக்க வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் தம் இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டார். எதிர்ப்பு எழுந்தது, காவல்துறையில் புகாரும் அளிக்கப்பட்டது. ஆய்வு என்ன சொல்கிறது என்ற கேள்வியைவிட, சொன்னவர் யார் என்பதே பெரிதாகப் பேசப்பட்டது. ஆதரிப்பதானாலும் மறுப்பதானாலும் ஒருவரின் புகழ் ஆய்வுக்கு ஈடாகாது.

2024 சூலையில் நடிகை சமந்தா, சுவாசத் தொற்றுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நீரை ஆவியாக உள்ளிழுக்கலாம் என்று பதிவிட்டார். கல்லீரல் மருத்துவர் சிரியாக் அபி பிலிப்ஸ் இதைக் கடுமையாகக் கண்டித்தார். தகுதி வாய்ந்த மருத்துவர் சொன்னதையே, பிறருக்கு உதவும் நோக்கில் பகிர்ந்ததாகச் சமந்தா விளக்கினார். ஆனால் அமெரிக்க ஆஸ்துமா, ஒவ்வாமை அறக்கட்டளை இம்முறை ஆபத்தானது என்று 2021இலேயே எச்சரித்திருந்தது. நல்லெண்ணம் ஒரு சிகிச்சையைப் பாதுகாப்பானதாக ஆக்கிவிடாது.

சிகிச்சை தள்ளிப்போகும் ஆபத்து

2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்சோத் சிங் சித்து, மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சை நீர் அடங்கிய உணவுமுறை தம் மனைவி புற்றுநோயிலிருந்து மீள உதவியது என்றார். அவருக்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் நடந்திருந்தன. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர், இக்கூற்றை நம்பிச் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டாம் என்று அறிக்கை வெளியிட்டனர். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணமாகக்கூடிய புற்றுநோய், சில மாதத் தாமதத்தில் கைமீறிப் போகலாம்.

சட்டம்

1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம், நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும், ஓராண்டு வரை பரிந்துரைக்கத் தடையும் விதிக்கலாம். மீண்டும் செய்தால் அபராதம் 50 லட்சம் வரையும் தடை மூன்றாண்டு வரையும் உயரும். கூற்றின் உண்மையை முறையாகச் சரிபார்த்தவருக்கு விலக்கு உண்டு. பதஞ்சலி விளம்பர வழக்கில் 2024 மே 7 அன்று, தவறான விளம்பரத்துக்கு அதில் தோன்றும் பிரபலங்களும் சம பொறுப்பாளிகள் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இவ்விதிகள் விளம்பரங்களைப் பற்றியவை. காசு வாங்காமல், உண்மையாகவே நம்பிச் சொல்லப்படும் பரிந்துரையை எடைபோடுவது பெரும்பாலும் கேட்பவரின் கையில்தான் இருக்கிறது. இது எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது, எதனுடன் ஒப்பிடப்பட்டது, இதை நம்பி நடப்பில் உள்ள சிகிச்சையை நிறுத்த வேண்டியிருக்குமா என்ற மூன்று கேள்விகளும் அதற்கு உதவும்.