கணினிக்குள் ஓர் ஐஸ் பெட்டி

கோவளம் கரையில் காலையில் பைபர் போட்டுகள் ஒவ்வொன்றாக வந்து ஏறுகின்றன. முதல் போட்டில் சங்கராவும் கொஞ்சம் நெத்திலியும். ஏலம் எடுத்த வியாபாரிக்கு உடனே ஒரு கணக்கு: இருப்பதை ஏற்றிக் குட்டியானை வண்டியைத் தாம்பரம் சந்தைக்கு விரட்டுவதா, அடுத்த போட்டுகளுக்கும் காத்திருந்து வண்டியை நிரப்புவதா? காத்திருந்தால் டீசல் மிச்சம். ஆனால் ஐஸ் கரையும். கேளம்பாக்கம் - வண்டலூர் சாலையில் ஆபீஸ் நேர நெரிசலும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு வண்டி என்றால் அனுபவமே போதும். பத்துக் கரை, ஐம்பது வண்டி, ஏழெட்டுச் சந்தை என்றால் மனக்கணக்கு எட்டாது. எல்லாவற்றையும் ஒரே நீளக் கணக்காக எழுதினாலோ, ஒரு சாலை மாறினால் முழுவதையும் கலைக்க வேண்டும். பொருள்நோக்கு மாதிரி என்பது இதற்கு மாற்று. போட், ஐஸ் பெட்டி, வண்டி, சந்தை என ஒவ்வொன்றும் கணினிக்குள் தனித்தனி ‘பொருள்’. தன் நிலவரமும் தன் குணமும் அதனதனிடமே இருக்கும்.

ஐஸ் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஐஸ் உருக சுமார் 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூஜ்யத்துக்கு இறக்க, ஏறக்குறைய 25 கிலோகலோரியை வெளியேற்ற வேண்டும். ஆக, மீனைக் குளிர வைக்க மட்டுமே 300 கிராம் ஐஸ் போய்விடும். மிச்ச ஐஸ், பெட்டிச் சுவர் வழியே நுழையும் வெயிலோடு மல்லுக்கட்டத்தான். இந்தக் கணக்கை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட்டால் போதும். கொள்ளளவையும் சுவரின் தடிமனையும் மாற்றி, எந்த ஊர்ப் பெட்டிக்கும் அதையே எடுத்தாளலாம். 2 முதல் 8 டிகிரிக்குள் போக வேண்டிய தடுப்பூசிப் பெட்டிக்கும் அடிப்படை இதுவே. சோழிங்கநல்லூர் ஆவின் பண்ணையிலிருந்து கிளம்பும் பால் வண்டிக்கோ, இங்கே எழுதிய ‘வண்டி’யும் ‘சாலை’யும் அப்படியே உதவும்.

இந்தப் பொருள்நோக்கு யோசனை பிறந்ததும் இப்படிப்பட்ட வேலைக்காகத்தான். 1960-களில் ஆஸ்லோவில், ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இரு நார்வேக்காரர்கள், நிஜ உலக நடமாட்டங்களைக் கணினியில் ஒத்திகை பார்ப்பதற்காக ‘சிமுலா’ மொழியை உருவாக்கினார்கள். 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவர்களுக்குக் கிடைத்தது. பேங்க் மென்பொருளும் மொபைல் செயலிகளும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டது பிறகு நடந்த கதை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மாதிரியில் ‘விசைப்படகு’ப் பொருளின் வரத்தைப் பூஜ்யமாக்கினால் போதும், மற்றவை தாமாகவே நகரும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் வரத்து குறைந்து, பைபர் போட் மீனுக்குக் கிராக்கி கூடுவதை முன்கூட்டியே பார்க்கலாம். கூடுதல் வண்டி அமர்த்துவதா, ஐஸை முன்பே வாங்கி வைப்பதா என்று யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

ஆனால் மாதிரியை எழுதுபவர் கரைக்கு வராமல் எழுதினால் ஒரு விஷயம் தவறிவிடும். மீனவர் பலர் வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வேறு இடத்தில் விலை கூடுதலாக இருந்தாலும் மீன் அந்த வியாபாரிக்குத்தான் போகும். ஆகவே ‘வியாபாரி’ என்ற பொருளுக்குள் வாங்கும் விலையோடு கொடுத்த கடனும் ஒரு கட்டமாக இருக்க வேண்டும். அது இல்லாத மாதிரி, எந்தச் சந்தையில் விலை அதிகமோ அங்கே போகச் சொல்லும். போட்டுக்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பார்.