நதிமூலம் பார்க்கலாமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

“நதிமூலம், ரிஷிமூலம் பார்க்காதே” என்பது பெரியோர் வாக்கு. ஆனால், பார்க்காதே என்று சொன்னதைப் பார்ப்பதில்தான் மனிதனுக்கு எவ்வளவு ஆசை! தாத்தாவின் பெயரைத் தெரிந்துகொண்டவன், தாத்தாவின் தாத்தாவைத் தேடுகிறான். அவரால் இனி ஒரு காசு வருமானம் இல்லை; அவர் விட்டுச்சென்ற சொத்தும் பெரும்பாலும் இல்லை. இருந்தும் தேடுகிறான். எங்கோ ஒரு பழைய காகிதத்தில் அவர் பெயர் கிடைத்துவிட்டால் புதையல் எடுத்தவனைப் போல மகிழ்கிறான். ஏன்? இந்தக் கேள்விக்கு நான் கண்ட விடையை ஆசிரியப் பெருமக்களோடும் அன்பு நண்பர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என்னை இந்தத் தேடலில் இறக்கியது ஒரு விண்ணப்பம். கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், முதல் பட்டதாரிச் சான்று பெறுவதற்காக இ-சேவை மையத்திற்குச் சென்றேன். அப்பாவைப் பெற்றவர்கள், அம்மாவைப் பெற்றவர்கள், அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் என எல்லாருடைய படிப்பையும் கேட்டார்கள். அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா எட்டாம் வகுப்பு. அவர்களுக்கு மேலே இருந்த நால்வருக்கும் “படிக்கவில்லை” என்ற ஒரே சொல்லை நான்கு முறை சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்களை நினைத்து அப்போது வெட்கமாக இருந்தது. வீட்டிற்கு வந்தபின் வேறொன்று உறைத்தது. அந்த நால்வரைப் பற்றி எனக்கும் அந்த ஒரு சொல்லுக்கு மேல் ஒன்றும் தெரியாதே! அன்று மாலையே ஆயாவின் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

கணக்குப் போடும் இன்பம்

எங்கள் ஆயாவுக்குத் தான் பிறந்த நாள் தெரியாது. ஆதார் அட்டையில் உள்ள ஆண்டு, அட்டை எடுத்த அன்று குத்துமதிப்பாகச் சொன்னது. பிறப்பு, இறப்புகளைப் பதிவு செய்ய நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் வந்ததே 1969-ஆம் ஆண்டில்தான். அதற்கு வெகுகாலம் முன்பு, சிற்றூர் ஒன்றில் கூலிக்காரர் வீட்டில் பிறந்த பெண் குழந்தைக்குச் சான்று ஏது?

ஆண்டைக் கேட்டால் ஆயாவுக்குத் தெரியாது. நிகழ்ச்சியைக் கேட்டால் தெரியும். “காந்தி செத்த சேதி வந்தப்ப எனக்கு முன்பல்லு ரெண்டும் இல்ல கண்ணு. ஊரே அழுவுது, நான் பொக்க வாயோட நின்னுக்கினு இருந்தேன்” என்றார். காந்தியடிகள் மறைந்தது 1948 ஜனவரி 30. குழந்தைகளுக்கு முன்பல் விழுவது ஆறு, ஏழு வயதில். ஆகவே ஆயா பிறந்தது 1941 அல்லது 1942-ஆக இருக்கவேண்டும். ஆதார் அட்டை அவரை ஐந்து வயது இளமையாக்கியிருக்கிறது!

தெரிந்த இரண்டு செய்திகளைக்கொண்டு தெரியாத மூன்றாவதை வருவித்த அந்த மகிழ்ச்சி, கடினமான தொகை நுண்கணிதக் கணக்கிற்கு விடை கண்டபோதும் எனக்கு உண்டானதில்லை. தேடுவோர் அடையும் முதல் இன்பம் இதுவே. ஒரு விடை அடுத்த வினாவைக் கொண்டுவருகிறது; அது அதற்கடுத்ததை. முடிவில்லாத இந்தக் கணக்கில் விடைகள் எல்லாம் நம் சொந்தக்காரர்கள்.

இரண்டாவது இன்பமும் அந்த ஒரு பதிலிலேயே இருந்தது. காந்தியடிகளின் மறைவைப் பள்ளிப் பாடத்தில் நான் படித்து, மதிப்பெண்ணுக்காக எழுதியிருக்கிறேன். பொக்கை வாயோடு நின்ற ஒரு சிறுமியின் கண்வழியே பார்த்தபோதுதான் அது எங்கள் வீட்டிலும் நடந்த நிகழ்ச்சி என்று தோன்றியது. வரலாறு என்பது யாரோ எங்கோ செய்தது என்று எண்ணியிருந்த எனக்கு, அதில் எங்கள் வீட்டுத் திண்ணையும் இருந்தது தெரிந்தது.

ஏட்டில் ஏறாதவர்கள்

நிலம் உடைய குடும்பத்தார்க்கு முன்னோரைத் தேடுவது ஓரளவு எளிது. பட்டா, சிட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று என்று காகிதங்கள் வழி காட்டும். “இன்னார் மகன் இன்னார்” என்று பத்திரம் எழுதுபவர் எழுதி வைத்திருப்பார். கோயிலுக்குக் கொடை கொடுத்தவர் பெயரோ கல்லிலேயே இருக்கும். ஆனால் அந்த நிலத்தில் ஏர் பிடித்தவர் பெயர் எங்கே? நாற்று நட்டவள் பெயர் எங்கே?

எங்கள் வீட்டில் தாத்தாவின் கையால் ஆன எழுத்து என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான்: கடன் தீர்ந்து திரும்பி வந்த ஒரு பழைய புரோநோட்டு. அதிலும் எழுத்து வேறொருவருடையது. தாத்தாவுடையது இடது பெருவிரல் ரேகை மட்டும். பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தந்தை பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகவாவது நிற்கும். தாயின் பெயர் அப்படியும் நிற்பதில்லை. ஆயா தம் ஆயாவின் பெயரை எனக்குச் சொன்னபோது, அதை எழுதிக்கொண்டேன். அந்தப் பெயர் காகிதத்தில் ஏறியது அன்றுதான் முதல்முறையாக இருக்கும்.

கப்பலேறியவர்

எங்கள் வீட்டில் போகியன்று முன்னோர்க்குப் படைக்கும்போது ஓர் இலை தனியாகப் போடுவார்கள். சிறுவயதில் அது யாருக்கென்று நான் கேட்டதில்லை. இம்முறை கேட்டேன். “கப்பலேறிப் போனவருக்கு. இருக்கறாரா செத்தாரான்னு ஒரு சேதியும் வரல. அதான் தனி இலை” என்றார் ஆயா. தாத்தாவின் தாத்தாவுக்குத் தம்பியாம் அவர். கரும்புக் காட்டில் வேலை என்று யாரோ கூட்டிப் போனார்களாம். ஆயா இதைத் தம் மாமியாரிடம் கேட்டறிந்திருக்கிறார்.

எங்கள் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலாக இருக்கலாம் என்று அவர் விளக்கினார். ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. இடையில் சில ஆண்டுகள் நின்றிருந்தாலும், 1911 வரை கப்பல்கள் சென்றன. மொத்தம் ஏறத்தாழ 1,52,000 பேர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நேட்டாலுக்குப் போனார்கள். முதலாண்டுக் கூலி மாதம் பத்து ஷில்லிங். சென்னையில் கப்பலேறியவர்களில் வட ஆர்க்காடு மாவட்டத்தார் மிகுதி. எங்கள் போளூர் வட்டம் அந்நாளில் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

போனவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவற்றைக் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். மதித்து எழுதியதாக எண்ணவேண்டாம். கூலியாளை அடையாளம் காணவேண்டும் என்பதற்காக எழுதியது. ஆனால் காலத்தின் விந்தையைப் பாருங்கள்! ஊரிலேயே இருந்து உழைத்து மடிந்த அண்ணனைப் பற்றி ஓரெழுத்தும் இல்லை. கடல் கடந்து போன தம்பிக்கு மட்டும் ஏடு இருக்கிறது. அவ்வேட்டைக்கொண்டு இன்று தென்னாப்பிரிக்காவில் வாழும் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் தம் முன்னோரின் ஊரைத் தேடுகின்றனர். ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப்பெயர்கள் உருமாறிக் கிடக்கின்றன. செங்கற்பட்டு ‘சிங்கிள்புட்’ ஆகியிருக்கும்போது சிற்றூர்களின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ!

அப்பட்டியல்களை இன்று கணினியிலும் பார்க்கலாம். பேராசிரியரின் துணையோடு நானும் தேடினேன். எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கொருவர் வைத்திருக்கும் பெயர் அவருடையது. காலத்தையும் தாலுகாவையும் வைத்து வடிகட்டியபோது மூவர் எஞ்சினர். தந்தை பெயர் தெரிந்தால் ஒருவரைத் தேர்ந்துவிடலாம். ஆனால் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் ஒன்று புரிந்தது. அவருடைய தந்தை, எங்கள் தாத்தாவின் தாத்தாவுக்கும் தந்தை அல்லவா? நாங்கள் மறந்துபோன எங்கள் முன்னோரின் பெயர், எங்களைப் பிரிந்து போனவரின் பெயருக்கு எதிரே, கடலுக்கு அப்பால் பத்திரமாக இருக்கிறது.

ஆசையும் ஆதாரமும்

மூவரில் ஒருவருக்கு “நெற்றியில் தழும்பு” என்று குறித்திருந்தது. கப்பலேறியவருக்கு மாடு முட்டி நெற்றியில் தழும்பு இருந்ததாக ஆயாவும் சொல்லியிருந்தார். இவர்தான் அவர் என்று எழுதிவிட என் கை துடித்தது. ஆனால் உழைப்பவர் உடம்பில் தழும்புக்கா பஞ்சம்? அந்தப் பட்டியல்களில் நெற்றித் தழும்புகள் ஏராளம். ஓர் ஒற்றுமையை வைத்து நிறுவிவிட்டதாகச் சொல்ல எந்தக் கணித ஆசிரியரும் ஒப்பமாட்டார்.

இந்த இடத்தில் தவறிய பெரியவர்களும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட தம் முன்னோரைத் தேடிய கதையை 1976-இல் நூலாக வெளியிட்டார். ‘ஏழு தலைமுறைகள்’ என்று தமிழிலும் அது வந்தது. அதைப் படித்த பல்லாயிரவர் தத்தம் குடும்பத்தைத் தேடத் தொடங்கினர். ஆனால் அவர் காட்டிய வமிசாவளியின் சில கண்ணிகள் ஆவணங்களோடு பொருந்தவில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எடுத்துக்காட்டினர். கிடைக்கவேண்டும் என்ற ஆசை, கிடைத்துவிட்டது என்று நம்மை நம்பவைக்கும். ஆகவே என் நோட்டில் “மூவரில் ஒருவராக இருக்கலாம்” என்றே எழுதியிருக்கிறேன்.

பெருமை எது?

முன்னோரைத் தேடுவோரில் சிலர் அரசரையும் பாளையக்காரரையும் தேடுகிறார்கள். தங்கள் குலமே உயர்ந்தது என்று காட்ட விரும்புகிறார்கள். அவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. பெற்றோர் இருவர்; அவர்களைப் பெற்றவர் நால்வர்; அதற்கு மேல் எண்மர். இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாம் தலைமுறையில் 1,024 பேர், இருபதாவதில் 10,48,576, முப்பதாவதில் 107 கோடியைத் தாண்டும்! தலைமுறைக்கு 25 ஆண்டு என்று கொண்டால் இது 750 ஆண்டுகளுக்கு முன். அன்றைய உலக மக்கள் தொகையில் இதில் பாதிகூட இராது என்பது மதிப்பீடு. இதன் பொருள் என்ன? ஒரே மனிதர் பல கிளைகளில் மீண்டும் மீண்டும் நமக்கு முன்னோராக வருகிறார். நம் கிளையும் அடுத்தவர் கிளையும் எங்கோ ஒன்றாகிவிடுகின்றன. ஆழமாகத் தேடத் தேடக் குலப்பெருமை கரைந்துபோகிறது.

அப்படியானால் தேடுவோர் அடையும் நிறைவு எது? பெயரற்றுப் போனவர்கள் மனிதர்களாக மீண்டு வருவதே என்பது என் துணிபு. சான்றிதழுக்காகச் சொன்ன “படிக்கவில்லை” என்ற சொல், இன்று எனக்குப் பொக்கை வாய்ச் சிறுமியாகவும், கடனை நேர்மையாகத் தீர்த்த பெருவிரலாகவும் தெரிகிறது. அவர்கள் படிக்காதவர்கள் மட்டும் அல்லர். என்னைப் படிக்கவைக்கும் வரை தாக்குப்பிடித்தவர்கள். இன்று அந்தச் சான்றைக் கையில் எடுத்தால் எனக்கு வெட்கம் வருவதில்லை.

நண்பர்களே! ஆயாவுக்கு இப்போதெல்லாம் நினைவு தடுமாறுகிறது. சென்ற மாதம் சொன்ன பெயரை இந்த மாதம் கேட்டால் விழிக்கிறார். காப்பகத்து ஏடு நாளையும் இருக்கும்; வீட்டில் இருக்கும் ஏடு அப்படி இராது. ஆகவே இவ்விதழை மூடியதும் உங்கள் வீட்டு மூத்தவரிடம் போய் உட்காருங்கள். ஆண்டைக் கேளாதீர்கள், மழையை, புயலை, கல்யாணத்தைக் கேளுங்கள். பாட்டியின் பெயரோடு பாட்டியின் தாய் பெயரையும் கேளுங்கள். கேட்டதை அன்றே எழுதிவையுங்கள்.

மூவரின் விவரத்தையும் ஆயாவிடம் படித்துக் காட்டினேன். எவர் நம்மவர் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மூணு பேருமே யாரோ ஒரு தாய் பெத்த புள்ளைங்கதானே கண்ணு. இனிமே மூணு இலையா போட்டுடு” என்றார்.

நதிமூலம் தேடிப் போனவளுக்குப் பெரிய நதி எதுவும் கிடைக்கவில்லை. சிறு சிறு ஊற்றுகளே கிடைத்தன. அவை இல்லாமல் எந்த நதியும் இல்லை.