கோல்ஃப் மட்டைக்கு வேகம் எங்கிருந்து வருகிறது?

கோல்ஃப் மட்டையின் தலைக்கு வேகம் கொடுப்பது மணிக்கட்டின் பலம் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் மணிக்கட்டு பொறுமையாக மடங்கியிருப்பதுதான் பெருமளவு வேகத்துக்குக் காரணம். 1968-இல் அலஸ்டேர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் வெளியிட்ட நூல் இந்த வீச்சை இரட்டை ஊசலாக விளக்கியது. தோளிலிருந்து கைப்பிடி வரை ஓர் ஊசல். அதன் நுனியில், மணிக்கட்டு என்னும் கீலில் தொங்கும் மட்டை இன்னொன்று. மேலிருந்து பந்து வரை இறங்க ஏறக்குறைய கால் நொடிதான். தொடக்கத்தில் மட்டை கையோடு மடங்கியே வருவதால் சுழற்றுவது எளிது. உடல் விரைந்து திரும்புகிறது. வேகம் ஏறியதும் மட்டைத்தலை வெளிப்பக்கம் ஓடப் பார்க்க, கீல் தானே திறக்கிறது. அப்போது கைகளின் வேகம் குறைகிறது. அது தளர்ச்சி அல்ல. கைகளைப் பின்னிழுத்து அவற்றின் ஆற்றலை மட்டை வாங்கிக்கொள்கிறது. பிடி தணிந்த பிறகு சாட்டை நுனி சொடுக்குவதும் இப்படித்தான்.

இதைவிட வியப்பு, பந்தைத் தொடும் கணம். தேர்ந்த ஆட்டக்காரரின் மட்டைத்தலை நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் வருகிறது. 46 கிராமுக்கும் சற்றுக் குறைவான பந்தோடு அது ஒட்டியிருப்பது நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் தலை நகர்வது இரண்டரை சென்டிமீட்டருக்குள். கைகள் அந்த நேரத்தில் எவ்வளவு அழுத்தினாலும் அந்த அழுத்தம் தண்டு வழியே வந்து சேருமுன் பந்து போய்விடும். தலைக்குச் சற்று மேலே தண்டில் கீல் பொருத்திய மட்டையால் அடித்துப் பார்த்தபோதும் பந்து ஏறக்குறைய வழக்கமான தூரம் போனது. பந்தைப் பொறுத்தவரை, மோதும் கணத்தில் மட்டைத்தலை எறியப்பட்ட கல்.

அப்படியானால் உடல்பலம் வீணா என்று கேட்கலாம். இல்லை, அது கால், இடுப்பு, தோள் வழியே முன்னதாகவே செலவாக வேண்டும். கடைசியில் மணிக்கட்டு தள்ளினால் கொஞ்சம் வேகம் கூடும் என்பதும் சரியே. ஆனால் அந்த நேரத்தில் கீல் திறக்கும் விரைவுக்குத் தசைகள் ஈடுகொடுப்பது கடினம். கிடைக்கும் லாபம் சிறிது. அந்தச் சிறிதுக்காகப் புதியவர்களிடம் ‘மணிக்கட்டால் அடி’ என்று கத்துவது தவறான பயிற்சி. அவர்கள் கீலை முன்கூட்டியே திறந்துவிடுகிறார்கள்; பந்தை எட்டுமுன்பே வேகம் தீர்ந்துவிடுகிறது. ஐயமிருந்தால், மெதுவாக ஓட்டிய ஒரு காணொளியில் மட்டையை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் கவனியுங்கள்: பந்தை நெருங்கும்போது அவை வேகம் தணிந்திருக்கும்.