காற்றழுத்தம் வடித்த விமானம்

1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நாள், ‘ஹானிபால்’ என்னும் பயணிகள் விமானம் ஈரான் நாட்டிலுள்ள ஜாஸ்க் என்னும் இடத்திலிருந்து ஷார்ஜாவை நோக்கிப் புறப்பட்டது. வழியில், ஓமன் வளைகுடாவின்மேல், அது மறைந்துபோயிற்று. அதில் இருந்த எண்மருள் ஒருவரும் மீளவில்லை. அவர்களுள் ஒருவர் நீதிக்கட்சித் தலைவர்களுள் புகழ்பெற்று விளங்கிய, தஞ்சையைச் சேர்ந்த சர் ஏ. டி. பன்னீர்செல்வம். இந்தியா மந்திரியின் ஆலோசகராகப் பணியேற்க அவர் இலண்டனுக்குச் சென்றுகொண்டிருந்தார். இச்செய்தியைப் படித்த மாணவர்கள் பலர் இருப்பர். ஆனால், அந்த விமானம் எத்தகைய தோற்றம் உடையது என்று கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே.

அது ஹாண்ட்லி பேஜ் நிறுவனம் செய்த எச்.பி. 42 என்னும் வகையைச் சேர்ந்தது. இவ்வகையில் முதல் விமானம் 1930-ஆம் ஆண்டு நவம்பரில் பறந்தது, அதுவே ஹானிபால். மொத்தம் எட்டு விமானங்களே செய்யப்பட்டன. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு பெரிய இறக்கைகள், நான்கு எஞ்சின்கள், வாலில் மூன்று சுக்கான்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். மேலிறக்கையின் நீளம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 39.6 மீட்டர். வேகமோ மணிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர்தான். தீயும் புயலும் விபத்தும் அவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுசென்றன. 1941-க்குப் பின் அவற்றுள் ஒன்றேனும் பறக்கவில்லை. இன்று எந்தப் பொருட்காட்சிசாலைக்குச் சென்றாலும் ஒரு முழு எச்.பி. 42-ஐக் காண இயலாது.

மறைந்துபோன ஒரு யந்திரத்தின் முழு வடிவத்தை அறிய விரும்புபவன் என்ன செய்வது? வரைபடங்களும் புகைப்படங்களும் உண்டு. ஆனால் அவை தட்டையானவை. அவற்றைத் துணையாகக் கொண்டு, அளவு மாறாத சிறு மாதிரி ஒன்றைக் கையால் செய்வதே சிறந்த வழி என்பது என் அனுபவம். நான் எடுத்துக்கொண்ட அளவு 72-இல் 1 பங்கு. ஆறடி உயர மனிதன் இந்த அளவில் சரியாக ஓர் அங்குல உயரம் ஆகிவிடுவான். 39.6 மீட்டர் இறக்கை 55 சென்டிமீட்டராகச் சுருங்கி மேஜைமேல் அடங்கும்.

கடைகளில் கிடைக்கும் சாதாரண மாதிரிப் பெட்டிகளில், பாகங்கள் உருகிய பிளாஸ்டிக்கை இரும்பு அச்சினுள் அழுத்திச் செலுத்தி வார்க்கப்படுகின்றன. அங்கே அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் பல நூறு மடங்கு ஆதலால், அச்சு எஃகினால் ஆனதாக இருத்தல் வேண்டும். அதற்கு ஆகும் பெருஞ்செலவைப் பல்லாயிரம் பெட்டிகள் விற்றாலன்றி ஈடுசெய்ய முடியாது. ஆகவே புகழ்பெற்ற போர்விமானங்களுக்கு மாதிரிகள் பல வரும்; ஒரு சிலரே தேடும் விமானங்களோ விடுபட்டுப்போகும். அக்குறையை நீக்க எழுந்ததே வெற்றிட முறை.

இம்முறை எளிமையானது. மரம், சாந்து, பிசின் ஆகியவற்றுள் ஒன்றினால் விமானத்தின் பாதி வடிவத்தை அச்சாகச் செதுக்குகிறார்கள். அதனைச் சிறு துளைகள் நிறைந்த பலகைமேல் வைக்கிறார்கள். பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் தகட்டை ஒரு சட்டத்தில் இறுக்கிச் சூடாக்கினால், 100 டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று மேல் அது இளகிவிடும். இளகிய தகட்டை அச்சின்மேல் இறக்கி, அடியிலுள்ள காற்றைப் பம்பினால் வெளியேற்றுகிறார்கள். கணப்பொழுதில் தகடு அச்சின்மேல் தோல்போல் படிந்துவிடும்.

வெற்றிடம் தகட்டை உள்ளே இழுக்கிறது என்று பலர் எண்ணுவர். அது பிழையான கருத்து. வெற்றிடம் எதனையும் இழுப்பதில்லை. மேலிருக்கும் காற்றே தள்ளுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டர்மீது காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடைக்குச் சமம். 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகட்டின் அடியில் காற்று முற்றும் நீங்குமானால், மேலிருந்து அமுக்கும் விசை 600 கிலோகிராம் எடைக்குக் குறையாது. ஆனால் இவ்விசை தகடு முழுவதும் பரவியிருப்பதால் மரத்தால் ஆன அச்சும் அதனைத் தாங்கும். தனி மனிதர் ஒருவர் தம் வீட்டுப் பட்டறையிலேயே சில நூறு பெட்டிகள் செய்துவிடலாம்.

செலவு குறைந்ததற்கு விலையாக நம் உழைப்பு கூடுகிறது. பெட்டியைத் திறந்தால் தனித்தனிப் பாகங்கள் இரா. வெண்ணிறத் தகடுகளில் பாதி உடலும் பாதி இறக்கையும் மேடுகளாக எழும்பி நிற்கும். அவற்றை வெட்டி எடுப்பதே முதல் வேலை. மேடு தகட்டோடு சேரும் மூலையில் பென்சிலால் சுற்றிலும் கோடு இட வேண்டும். பின்னர்க் கத்தியால் மெல்லக் கீறி, தகட்டை வளைத்தால் அது கீறிய வழியே ஒடிந்து பிரியும்.

இனித்தான் இக்கலையின் உயிர்நிலை இருக்கிறது. பிரித்தெடுத்த பாகத்தின் விளிம்பில் தகட்டின் கனம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது விமானத்தின் வடிவத்தைச் சேர்ந்ததன்று. கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, நீர் தெளித்து, பாகத்தைச் சமமாக அழுத்தி வட்டமாகத் தேய்க்க வேண்டும். பென்சில் கோட்டை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும். தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர் என்று கொள்வோம். இரு பாதிகளிலும் அதனை விட்டுவிட்டால் உடற்பகுதி 2 மில்லிமீட்டர் பருத்துவிடும். உண்மை விமானத்தில் அது 72 மடங்கு, அதாவது 14 சென்டிமீட்டருக்கு மேல்! கோட்டைத் தாண்டித் தேய்த்தாலோ, இழந்ததை மீட்க வழியில்லை. என் மாதிரியின் உடற்பகுதியைத் தேய்க்க இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. அவசரத்திற்கு இங்கே இடமில்லை.

பாதிகளைப் பொருத்த முளைகளும் துளைகளும் கிடையா. விளிம்பின் உட்புறம் சிறு பட்டைகளை ஒட்டி, எதிர்ப்பாதிக்குப் பிடிப்பு உண்டாக்க வேண்டும். தகடு ஆழமாக நீண்ட இடங்களில் மெலிந்திருக்கும். ஆதலால் உள்ளே குறுக்குத் தட்டுகள் வைத்து வலுவூட்ட வேண்டும். பசையோ பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைப்பது. மிகுதியானால் மெல்லிய சுவரையே உருக்கிவிடும்.

எச்.பி. 42-இல் மற்றுமொரு சிறப்பு உண்டு. அக்கால இரட்டை இறக்கை விமானங்கள் பலவற்றில் இறக்கைகளை இழுத்துக் கட்டும் கம்பிகள் நிறைந்திருக்கும். இதிலோ, இரும்புப் பாலங்களில் நாம் காண்பதுபோல் முக்கோண முக்கோணமாகச் சாய்ந்து நிற்கும் முட்டுக்கால்களே இறக்கைகளைத் தாங்கின. மாதிரியில் இம்முட்டுக்கால்களை ஒவ்வொன்றாக அளந்து வெட்டும்போதுதான் அந்த அமைப்பின் நுட்பம் எனக்கு விளங்கிற்று. ஒரு கால் சிறிது நீண்டாலும் இறக்கை முழுவதும் முறுக்கிக்கொள்ளும். முக்கோணம் ஏன் அசையாத வடிவம் என்பதை வடிவகணித நூலில் நான் படித்ததுண்டு. விரல்களால் அறிந்தது அன்றுதான்.

வரைபடமும் புகைப்படமும் முரண்படும் இடங்கள் வரும். அங்கே புகைப்படத்தையே நம்புதல் வேண்டும். வரைபவர் தவறலாம், ஒளி பொய் சொல்லாது. மூல விமானம் ஒன்றாவது இருந்தால் பிழையைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். மூலமே அழிந்துபோன இடத்தில், நாம் கவனமின்றிச் செய்யும் பிழை, பார்ப்பவர் மனத்தில் உண்மையாகவே தங்கிவிடும். பொறுமையும் நேர்மையும் இங்கே பொழுதுபோக்கிற்குரிய அணிகள் அல்ல, கடமைகள்.

இவ்வேலையில் இறங்க விரும்பும் மாணவர்கள், ஓர் எஞ்சினும் ஓர் இறக்கையும் உடைய சிறிய விமானத்தோடு தொடங்குதல் நன்று. தூசி மூக்கில் ஏறாதபடி நீரிட்டே தேய்க்க வேண்டும். காற்றோட்டமுள்ள அறையிலேயே பசையைப் பயன்படுத்த வேண்டும். கத்தி எப்போதும் உடலுக்கு எதிர்ப்புறமாகவே செல்ல வேண்டும். எல்லாம் ஆயத்தமாக உள்ள பெட்டி விரைவில் முடிந்துவிடும். குறைவாகத் தரும் பெட்டியோ நம்மை நூலகத்திற்கு அனுப்புகிறது, அளக்கச் செய்கிறது, ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் கேட்கச் செய்கிறது. பன்னீர்செல்வம் ஏறிச்சென்ற விமானத்தின் சன்னல்கள் எந்த இறக்கையின் கீழ் அமைந்திருந்தன, எஞ்சின்கள் எங்கே முழங்கின என்பவற்றை நான் அறிந்தது அப்படித்தான்.