உயிர்ச்சத்து மாத்திரைகளைக் காக்கும் முறை

டாக்டர் எழுதிக் கொடுத்த உயிர்ச்சத்து மாத்திரைகளை நாம் வீட்டில் எங்கே வைக்கிறோம்? பெரும்பாலும் அடுப்பங்கரை அலமாரியில், இல்லாவிட்டால் சன்னல் ஓரத்தில். மறவாமல் விழுங்குவதற்கு இவை நல்ல இடங்களே. மாத்திரைக்குத்தான் ஆகாத இடங்கள். வெப்பம், ஒளி, காற்று, ஈரம் ஆகிய நான்கும் உயிர்ச்சத்துக்குப் பகை.

சரித்திரத்தில் இதற்கு ஒரு சான்று உண்டு. 1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரிட்டிஷ் கடற்படை வைத்தியர், ஸ்கர்வி நோயால் ஈறு கெட்டு நலிந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். ஆனால் நெடும் பயணத்தில் பழம் அழுகிவிடுமே! ஆகவே சாற்றைப் பல மணி நேரம் சூடாக்கி, பாகுபோல் வற்றவைத்துப் புட்டியில் அடைத்துக்கொள்ளலாம் என்று அவர் எழுதினார். பாகில் புளிப்பு இருந்தது. நோயைத் தீர்க்கும் சத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அந்தச் சத்துக்கு வைட்டமின் சி என்ற பெயர் வந்ததே 20-ஆம் நூற்றாண்டில்தானே!

மாத்திரையிலுள்ள இந்தச் சத்து, உலர்ந்திருக்கும் வரை பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஈரம் பட்டாலோ, காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து சிதைகிறது. மாத்திரையில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுவது அதற்கு ஓர் அடையாளம். தண்ணீரில் போட்டதும் பொங்கும் மாத்திரைகளின் குழாய் மூடியில் ஈரம் உறிஞ்சும் சிறு மணிகளை வைத்திருப்பது இதற்காகவே. நம்மில் சிலர் மாத்திரைகளை அழகான கண்ணாடிச் சீசாவுக்கு மாற்றிவிட்டு, அந்த மூடியைத் தூக்கி எறிந்துவிடுகிறோம்! குளிர்பதனப் பெட்டியும் எப்போதும் உதவாது. குளிர்ந்த புட்டியை எடுத்த உடனே திறந்தால், வெளிக்காற்றின் ஈரம் மாத்திரைமேல் நீராகப் படியும்.

சத்துக் குறைந்த மாத்திரை பொதுவாக நஞ்சாவதில்லை. சத்து இருப்பதாக நாம் நம்பிவிடுவதே ஆபத்து.

நம் நாட்டில், குழந்தைகளின் கண்பார்வையைக் காப்பதற்காக வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் திட்டம் 1970-இல் தொடங்கியது. முதல் வேளை 9-ஆம் மாதத்தில் 1 மில்லிலிட்டர். பிறகு ஐந்து வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 மில்லிலிட்டர். ஒளியும் காற்றும் இந்தச் சத்தை அழிப்பதால், புட்டியை வெயில் படாமல் வைக்க வேண்டும். திறந்த 8 வாரங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். திறந்த தேதியைப் புட்டியின்மேல் எழுத வேண்டும் என்பது விதி. ஒரு வேளை மருந்து வலுவிழந்திருந்தால், அடுத்த வேளைக்கு அந்தக் குழந்தை ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமல்லவா? தம்பி தங்கையரை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவுடன் செல்லும் நம் தோழியர், அந்தத் தேதியைக் காட்டும்படி நர்ஸ் அம்மாவிடம் மரியாதையாகக் கேட்கலாம்.