எந்த மாதத்துக் கோடு?

கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில், சென்னையில், வேலை பார்க்கிறேன். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஓர் உத்தரவு போட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எல்லையை ஆராய்ந்து முடிக்கும்வரை புதிய கட்டுமானத்துக்கு அனுமதி தரக்கூடாது என்றது. அதற்குப் பிறகு எங்கள் அலுவலக போன் ஓயவில்லை. மனை வாங்கியவர், வங்கிக் கடன் போட்டவர், பூமி பூஜை முடித்தவர் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "மேடம், எங்க இடம் அந்தக் கோட்டுக்குள்ள வருதா?"

அவர்களுடைய பதற்றம் எனக்குத் தெரியும். ஆயுள் சேமிப்பை மண்ணில் போட்டவர்கள். ஆனாலும் தடை சரி என்றே சொல்வேன். நான் பிறந்து வளர்ந்தது பழவேற்காட்டில், கோட்டைக்குப்பத்தில். தண்ணீர் எங்கே நிற்கும், எவ்வளவு நாள் நிற்கும் என்பது எங்கள் ஊரில் சோற்றுப் பிரச்சினை.

சிலிகா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, தென்கோடி எங்களுடையது. ஆரணி ஆறு இங்கேதான் வந்து சேர்கிறது. மேலே பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஊத்துக்கோட்டை, பொன்னேரி தாண்டி அந்த வெள்ளம் எங்கள் ஏரிக்குள் இறங்கும். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் வாங்கிக்கொள்ளும். மணல் மூடிக் கிடந்தால் தண்ணீர் பின்வாங்கித் தெருவுக்குள் ஏறும். 2021 நவம்பரில் ஆரணி ஆறு பெருக்கெடுத்தபோது பொன்னேரிப் பக்கத்து ஊர்கள் தண்ணீரில் கிடந்தன.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊருக்கும் ஏரியில் பாடு உண்டு. இன்ன இடத்தில் இன்று எந்த ஊர் வலை கட்டுவது, அந்த ஊரில் யார் முறை என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஆழம், மண், நீரோட்டம் எல்லாம் அத்துப்படி. ஆனால் பட்டா கிடையாது.

ஒருமுறை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பக்கத்து ஊர் மனை ஒன்றின் புலப்படத்தைத் திண்ணையில் விரித்து வைத்திருந்தேன். அப்பா குனிந்து பார்த்தார்.

"இந்தக் கோடு எந்த மாசத்துல போட்டது?"

"சர்வே கோடுப்பா. அதுக்கு மாசமெல்லாம் கிடையாது."

"பங்குனியில வந்து அளந்திருப்பான். ஐப்பசியில வந்திருந்தா இந்தக் கோடு இங்க வந்திருக்கும்." மீன் செதில் ஒட்டிய விரலைக் காகிதத்தின் மறுகோடி வரை இழுத்தார். பிறகு அங்கங்கே தொட்டுக் காட்டினார்: "இங்க முட்டியளவு. இங்க இடுப்பளவு. இந்த மூலையில நின்னா நீ முழுகிடுவே."

விஷயமே அதில் அடங்கியிருக்கிறது. ஆற்றுக்கு இரண்டு இடம் வேண்டும். வழக்கமாக ஓடும் தடம் ஒன்று. பெருவெள்ளத்தில் விரிந்து படுக்கும் சமவெளி இன்னொன்று. வருவாய்த்துறைப் பதிவேட்டில் முதலாவது நீர்நிலைப் புறம்போக்கு. இரண்டாவது பெரும்பாலும் பட்டா நிலம். விற்கலாம், வாங்கலாம், மனை பிரிக்கலாம். ஆகவே 'ஆக்கிரமிப்பை அகற்று' என்ற கோஷம் பாதி உண்மைதான். கரையோரக் குடிசையை இடித்துவிட்டு, பின்னால் பட்டா நிலத்தில் மண் கொட்டி மேடாக்கி எழும்பும் அடுக்குமாடிக்கு அனுமதி கொடுத்தால் வெள்ளத்துக்கு என்ன லாபம்?

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்தபோது அடையாற்றங்கரையில் முழுகிய வீடுகளில் முறையான பத்திரத்தோடு வாங்கியவையும் உண்டு. அந்த வெள்ளத்தை மனிதர்களால் வந்த பேரிடர் என்று 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையர் அறிக்கை சொன்னது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி இருக்கிறதே என்று கேட்கலாம். கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகங்களின் கரையில் 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், எது குறைவோ அதுவரை கட்டுப்பாடு என்றிருந்ததை 2019 அறிவிக்கை 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. மழை வலுக்கிறது, விதி இளகுகிறது. அதைவிடப் பயம் தருவது வரைபடம். எண்ணூர்க் கழிமுகத்தில் சுமார் 6,500 ஏக்கரைக் கட்டுமானம் கூடாத பகுதியாகக் காட்டிய வரைபடத்துக்கு மத்திய அரசு 1996-இல் ஒப்புதல் கொடுத்தது. பிறகு 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளியே வந்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தையே காணவில்லை! தொழில்முறையில் கோடு போடுகிறவளுக்கு இதைவிட அவமானம் வேறில்லை. அந்தக் கழிமுகத்தில் வந்து சேரும் கொசஸ்தலை ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள காட்டுப்பள்ளியில்தான் துறைமுகத்தைச் சுமார் 6,100 ஏக்கருக்கு விரிக்கும் திட்டம் நிற்கிறது. எங்கள் குப்பங்கள் எதிர்ப்பது இதனால்தான்.

எங்கள் ஊர்ப் பெயரிலுள்ள கோட்டை, டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டி முடித்த கெல்ட்ரியா. தங்கள் நாட்டு கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரை வைத்தார்கள். அந்த மாகாணத்தில் ஆறுகள் 1995-இல் பெருக்கெடுத்து, சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்தது. மறு ஆண்டே வெள்ளச் சமவெளியில் கட்டுவதற்கு அந்நாட்டு அரசு கடும் விதி கொண்டுவந்தது. அதோடு நிற்கவில்லை. 'ஆற்றுக்கு இடம்' என்ற திட்டத்தில் நைமேகன் நகரத்தில் கரையையே 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டி, ஆற்றுக்குப் பக்கவாய்க்கால் வெட்டினார்கள். வழியிலிருந்த ஐம்பது வீடுகளை விலை கொடுத்து வாங்கி அகற்றினார்கள். ஆற்றுக்கு நிலத்தைத் திருப்பித் தந்தவர்கள் அதற்கு விலையும் கொடுத்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

தடை என்றதும் எங்கள் பக்கத்திலும் ஒரு நடுக்கம் வரும். துறைமுகத்துக்கு வளையும் விதி, வலை உலர்த்தும் திடலில் ஒரு கொட்டகை போட்டால் நிமிர்ந்துகொள்ளும். மீனவர் குடியிருப்புகளுக்கான நீண்டகாலத் திட்டம் வேண்டும் என்று 2019 அறிவிக்கையே சொல்கிறது. ஆனால் அதன்படி தயாரித்த வரைவுப் படங்களில் படகு நிறுத்துமிடமும் மீன்பிடி இடங்களும் விட்டுப்போயின என்று கடலோரம் முழுக்கப் புகார். ஏரியை விட்டு விலகி மீனவர் வாழ முடியாது. சதுப்பில் ஐ.டி. கட்டடம் வேண்டாமென்றால் அதற்கு வேறு இடம் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

2026 முதல் 2046 வரைக்கான சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. 2005, 2015, 2021, 2023 வெள்ளங்களில் எந்த சர்வே எண்ணில் எத்தனை அடி நின்றது என்பது அதில் தமிழில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு கிராம நிர்வாக அலுவலகத்தில் மட்டும் தூங்கினால் போதாது. சார்பதிவாளர் கொடுக்கும் வில்லங்கச் சான்றிதழிலேயே ஒரு வரியாக வர வேண்டும். அடமானம் இருந்தால் காட்டுகிற சான்றிதழ், ஆளுயரத் தண்ணீர் நின்ற இடத்தைக் காட்டாதது என்ன நியாயம்? தெரியாமல் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு மாற்று மனையோ இழப்பீடோ தராமல் தடையை மட்டும் போட்டால், அடுத்த மாதமே நீதிமன்றத்தில் அது நின்றுபோகும். மண் லாரிகள் மறுபடி வரும்.